பிரிட்டிஷ் படையில் இருந்த கறுப்பின வீரரை ஆவணங்களில் தேடுவது எப்படி?

முதல் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் ராணுவப் படிவங்களில் இனம் என்று ஒரு கட்டம் கிடையாது. புதிதாகத் தேட வருகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். ‘கறுப்பின வீரர்’ என்று தேடுபெட்டியில் அடித்தால் பெயர்கள் வந்து கொட்டிவிடாது. சேர்க்கைப் படிவத்தின் அங்க அடையாளப் பகுதியில் ‘காம்ப்ளெக்‌ஷன்’ (மேனி நிறம்) என்று ஒரு வரி இருக்கும். அதில் ‘டார்க்’ என்று எழுதியிருந்தால் உடனே துள்ளிக் குதிக்காதீர்கள். கொஞ்சம் மாநிறமாக இருந்த வெள்ளைக்காரருக்கும் அந்தக் காலத்து எழுத்தர்கள் அதே சொல்லைத்தான் எழுதினார்கள்.

ஆகவே நிறத்தை நேராகத் தேட முடியாது, சுற்றி வளைத்துத்தான் தேட வேண்டும். பிறந்த ஊர், சேர்ந்த படைப்பிரிவு, பெற்றோரின் முகவரி, புகைப்படம், ஊர்ப் பத்திரிகைச் செய்தி ஆகியவற்றில் குறைந்தது இரண்டாவது ஒரே பக்கம் கைகாட்டினால்தான் ஒருவரைப் பட்டியலில் சேர்க்கலாம். ஒன்றை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைக் கீழே ஆங்காங்கே சொல்கிறோம்.

இங்கே பெரும்பகுதி 1914–18 போரைப் பற்றியது, அதிலும் கரீபியத் தீவுகளிலிருந்து போனவர்களைப் பற்றியது. காகிதம் ஓரளவு மிஞ்சியிருப்பது அவர்களுக்குத்தான்.

முதல் படி: ஆள் எந்த வகை?

தேடலைத் தொடங்கும் முன் இதை முடிவுசெய்யுங்கள். வகை மாறினால் ஆவணத் தொகுதியே மாறிவிடும்.

பிரிட்டிஷ் வெஸ்ட் இண்டீஸ் ரெஜிமென்ட் 1915-இல் போருக்காகவே புதிதாக உருவானது. 11 பட்டாலியன்கள் (ரெஜிமென்டின் உட்பிரிவுகள்), 15,000-க்கும் மேற்பட்ட ஆட்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஜமைக்காக்காரர்கள், மீதிப் பேர் டிரினிடாட், பார்படோஸ், பிரிட்டிஷ் கயானா, பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் முதலிய இடங்களிலிருந்து வந்தவர்கள். வெஸ்ட் இந்தியா ரெஜிமென்ட் என்பது வேறு. அது 1795-இல் தொடங்கி 1927-இல் கலைக்கப்பட்ட பழைய நிரந்தரப் படை; முதல் உலகப் போரில் காமரூனிலும் கிழக்காப்பிரிக்காவிலும் சண்டையிட்டது. இரண்டு பெயரையும் குழப்பிக்கொள்வதுதான் இந்தத் துறையில் மிகச் சாதாரணமான பிழை. அடுத்த படியில் வரும் பதக்க அட்டைகளில் ஒன்று ‘பி.டபிள்யூ.ஐ.ஆர்.’ என்றும் மற்றது ‘டபிள்யூ.ஐ.ஆர்.’ என்றும் சுருக்கமாக இருக்கும். முதல் எழுத்து மை மங்கிப் போயிருந்தால் வீரரின் எண்ணையும் போர்முனையையும் வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். போர்முனைக் கட்டத்தில் காமரூன் என்றிருந்தால் பழைய ரெஜிமென்ட். எகிப்து, பிரான்ஸ், இத்தாலி என்றால் அநேகமாகப் புதியது.

மூன்றாவது வகை, கார்டிஃப், லிவர்பூல், லண்டன் போன்ற ஊர்களில் வாழ்ந்து சாதாரண பிரிட்டிஷ் ரெஜிமென்டுகளில் சேர்ந்த கறுப்பினத்தவர். கண்டுபிடிக்க மிகவும் கடினமானவர்கள் இவர்களே. படைப்பிரிவின் பெயர் எந்தத் துப்பும் தராது. கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைஃபிள்ஸ் போன்ற ஆப்பிரிக்கப் படைகளிலும் சுமைதூக்கும் அணிகளிலும் இருந்தவர்கள் நான்காவது வகை. அவர்களைப் பற்றிப் பின்னால்.

ஒரு எச்சரிக்கை. ‘பிறந்த இடம் டிரினிடாட், படை ஒரு இங்கிலாந்து ரெஜிமென்ட்’ என்று ஒருவர் கிடைத்தால் அவர் கறுப்பினத்தவர் என்று முடிவுகட்டாதீர்கள். டிரினிடாட்டின் வணிகர்களும் தோட்ட முதலாளிகளும் பணம் போட்டு வெள்ளைக்கார இளைஞர்களைத் தனி அணியாக இங்கிலாந்து ரெஜிமென்டுகளுக்கே அனுப்பினார்கள். அதேபோல், பிரிட்டிஷ் வெஸ்ட் இண்டீஸ் ரெஜிமென்டின் அதிகாரிகள் ஏறக்குறைய எல்லாரும் வெள்ளையர்கள்.

இரண்டாம் படி: பதக்க அட்டை

எதுவும் தெரியாமல் தொடங்குகிறீர்கள் என்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. (WO, போர் அலுவலகத்தின் சுருக்கம்) 372 என்ற தொகுதியில் இருக்கின்றன, பதக்கம் பெறுபவர்களுக்காக ராணுவம் எழுதிவைத்த இந்த அட்டைகள், சுமார் 50 லட்சம் பேருக்கு. இணையத்திலேயே பெயர், எண், படைப்பிரிவு கொடுத்துத் தேடலாம்.

அட்டையை இப்படிப் படியுங்கள். மேல் வரியில் பெயர், படை, தரம், ரெஜிமென்ட் எண் (படையில் அந்த வீரருக்குத் தந்த எண்). அதன் கீழே பதக்கங்களின் பெயரும், ஒவ்வொன்றுக்கும் பதக்கப் பேரேட்டின் குறியீடும் பக்க எண்ணும். அதற்கும் கீழே முதலில் போன போர்முனை, போய்ச் சேர்ந்த தேதி. இதில் உயிர்நாடி ரெஜிமென்ட் எண்தான். வில்லியம்ஸ், பிரவுன், கேம்பல் என்ற குடும்பப் பெயர்கள் ஜமைக்காவில் நம் ஊர் முருகன், குமார் மாதிரி. ஒரே பெயரில் பத்துப் பேர் வருவார்கள். எண்ணை எழுதிக்கொள்ளாமல் அடுத்த படிக்குப் போனால் இன்னொருவரின் வாழ்க்கையை எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

கரீபிய வீரரின் அட்டையில் பெரும்பாலும் இரண்டு பதக்கங்கள்தான் இருக்கும்: பிரிட்டிஷ் வார் மெடல், விக்டரி மெடல். 1915 டிசம்பர் 31-க்குள் போர்முனைக்குப் போனவருக்கே 1914–15 ஸ்டார் என்ற பதக்கமும் கிடைக்கும். முதல் கரீபிய அணிகள் 1915 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தின் சீஃபர்டுக்கு வந்து பயிற்சி பெற்று, பிறகே எகிப்துக்குக் கப்பலேறின. ஆகவே ஸ்டார் இருந்தால், இவர் முன்பு வேறு படையில் இருந்தாரா என்று பாருங்கள்.

காப்பகத்தின் தளத்திலிருந்து இறக்கினால் ஒரே படத்தில் ஆறு அட்டைகள் இருக்கும், முன்பக்கம் மட்டும். பின்பக்கத்தில்தான் பதக்கம் அனுப்பிய முகவரி சில வேளைகளில் எழுதியிருப்பார்கள். ஆன்செஸ்ட்ரி என்ற கட்டணத் தளத்தில் இரு பக்கமும் வண்ணத்தில் உண்டு. பிரிட்டனில் பல பொது நூலகங்களில் அந்தத் தளத்தைக் காசில்லாமல் பார்க்கலாம்.

அட்டையே இல்லையென்றால்? ஆளே இல்லை என்று அர்த்தமில்லை. 1916 மார்ச்சில் ஜமைக்காவின் மூன்றாம் அணியை ஏற்றிக்கொண்டு கிளம்பிய வெர்டாலா என்ற கப்பல், நீர்மூழ்கி பயத்தால் வடக்கே கனடாவின் ஹாலிஃபாக்ஸுக்குத் திருப்பிவிடப்பட்டது. வெப்பநாட்டு உடுப்போடு இருந்தவர்கள் பனிப்புயலில் மாட்டினார்கள். ஏறத்தாழ 600 பேருக்கு உறைபனிப் புண். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால், விரல் என்று வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. போர்முனையைக் கண்ணால் காணாமலே திருப்பி அனுப்பப்பட்ட இத்தகையவர்களைப் பதக்க அட்டையில் மட்டும் தேடினால் ஏமாந்துபோகலாம். அவர்களுக்கான கதவு ஐந்தாம் படியில் இருக்கிறது.

மூன்றாம் படி: பணிப்பதிவு, அதாவது எரிந்தது போக மிச்சம்

1940 செப்டம்பரில் லண்டன் ஆர்ன்சைட் தெருவில் இருந்த போர் அலுவலகக் கிடங்கின்மேல் ஜெர்மன் குண்டு விழுந்தது. சாதாரணச் சிப்பாய்களின் பணிப்பதிவுகளில் பாதிக்கும் மேல் சாம்பல். தப்பியவை டபிள்யூ.ஓ. 363 என்ற தொகுதியில் உள்ளன. காப்பக ஊழியர்கள் இவற்றை ‘எரிந்த ஆவணங்கள்’ என்றே சொல்வார்கள். ஓரம் கருகி, தீயணைத்த தண்ணீரில் மை கரைந்து கிடக்கும். ஓய்வூதியம் தொடர்பாக வேறு இடத்தில் இருந்ததால் தப்பியவை டபிள்யூ.ஓ. 364. இரண்டிலும் தேடுங்கள். ஒன்றில் இல்லாதவர் மற்றதில் இருப்பது சகஜம்.

இங்கே செய்யும் தப்பு, முதல் படம் கிடைத்ததும் நிறுத்திவிடுவது. ஒருவரின் பதிவு இரண்டு பக்கமாகவும் இருக்கலாம், நாற்பது பக்கமாகவும் இருக்கலாம். முன்னும் பின்னும் புரட்டி, ரெஜிமென்ட் எண் மாறும் இடம்வரை போங்கள். பக்கங்கள் இடம் மாறி அடுத்தவரின் தாள்களுக்குள் புகுந்திருப்பதும் உண்டு.

நான்காம் படி: போர் நாட்குறிப்பும் கல்லறையும்

பட்டாலியன் எண் தெரிந்தபின் டபிள்யூ.ஓ. 95 தொகுதியில் அந்தப் பட்டாலியனின் போர் நாட்குறிப்பை எடுங்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: அதில் உங்கள் ஆளின் பெயர் இருக்காது. அதிகாரிகளின் பெயர்தான் இருக்கும். சிப்பாய்கள் ‘இருவர் காயம்’ என்று எண்ணிக்கையாக வருவார்கள். முந்நூறு பக்கம் பெயர் தேடிக் கண் கெட்டவர்கள் உண்டு. நாட்குறிப்பைத் தேதிக்காக, இடத்துக்காக, செய்த வேலைக்காகப் படியுங்கள்.

வேலை என்று சொல்லக் காரணம் உண்டு. 1, 2-ஆம் பட்டாலியன்கள் பாலஸ்தீனத்தில் துப்பாக்கியோடு சண்டையிட்டன. 1918 செப்டம்பரில் ஜோர்தான் பள்ளத்தாக்கில் தாமியா பாலத்தைப் பிடித்ததில் அவற்றுக்குப் பங்குண்டு. பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் போன பட்டாலியன்களுக்கோ குண்டு சுமப்பதும் பாதை போடுவதும்தான் வேலை. அதைப் ‘பாதுகாப்பான பின்னணி வேலை’ என்று எழுதிவிடாதீர்கள். எதிரியின் பீரங்கி முதலில் குறிவைப்பது வெடிமருந்து போகும் பாதையைத்தான்.

இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடலாம், இலவசம். படைப்பிரிவு என்ற கட்டத்தில் ரெஜிமென்டின் பெயரை முழுதாகக் கொடுத்து, பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ‘கூடுதல் தகவல்’ என்ற வரியில் பெற்றோர் பெயர், தீவு, ஊர் ஆகியவை இருந்தால் அது பொன். இந்த ரெஜிமென்டில் சண்டையில் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்கள் ஐந்து மடங்குக்கும் மேல்: போர்க்காயத்தில் 185 பேர், நோயில் 1,071 பேர். நிமோனியாவும் அம்மையும் பொன்னுக்குவீங்கியும் முகாம்களைப் பிடித்து ஆட்டின. ஆகவே கல்லறை போர்முனையில் இல்லாமல் மருத்துவமனை இருந்த ஊரில் இருக்கும். சீஃபர்ட் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் 19 பேர் இருக்கிறார்கள். இத்தாலியின் டாரன்டோவிலும் வரிசையாகக் கிடக்கிறார்கள்.

கல்லறைப் பக்கம் சொல்லாமல் விடுவதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ஜியத்தின் போப்பரிங்கே புதிய ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் ஹெர்பர்ட் மாரிஸ் என்ற ஜமைக்காப் பையன் இருக்கிறான். 6-ஆம் பட்டாலியன், வயது 17. பீரங்கிச் சத்தம் தாங்காமல் படையை விட்டு ஓடியதற்காக 1917 செப்டம்பர் 20 அன்று பிரிட்டிஷ் ராணுவமே சுட்டுக் கொன்றது. 2006-இல்தான் இவனைப் போன்றவர்களுக்குச் சட்டப்படி மன்னிப்பு வந்தது. பக்கத்துக் கல்லறைகளைப் போன்றதுதான் இவனுடைய கல்லும். பெயரும் எண்ணும் தேதியும் இருக்கும், மரணத்தின் காரணம் இருக்காது. அதைத் தெரிந்துகொள்ள ராணுவ நீதிமன்ற ஆவணங்களுக்குப் போக வேண்டும். மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்களின் விசாரணைக் கோப்புகள் டபிள்யூ.ஓ. 71-இல் பத்திரமாக உள்ளன. மற்ற விசாரணைகளின் கோப்புகள் பெரும்பாலும் அழிந்துபோயின. பெயர், படை, இடம், குற்றம், தண்டனை என்ற ஒரே வரி டபிள்யூ.ஓ. 213 பதிவேட்டில் மிஞ்சும்.

ஐந்தாம் படி: குடியேற்ற அலுவலகக் கோப்புகள்

காலனிகளை நிர்வகித்த குடியேற்ற அலுவலகத்தின் (கலோனியல் ஆஃபீஸ், சுருக்கமாக சி.ஓ., CO) கோப்புகளைத்தான் பலர் தவறவிடுகிறார்கள், உண்மையில் இங்கேதான் விஷயம் இருக்கிறது. போர் அலுவலகம் ஆளை எண்ணாகப் பார்த்தது. தீவுகளின் ஆளுநர்கள் எழுதிய கடிதங்களில் அவன் சம்பளம் கேட்கிறான், கால் போனதற்கு ஈட்டுத்தொகை கேட்கிறான், அவன் அம்மா மனு போடுகிறாள். வெஸ்ட் இண்டீஸ் முழுமைக்கும் சி.ஓ. 318, ஜமைக்காவுக்கு சி.ஓ. 137, டிரினிடாட்டுக்கு சி.ஓ. 295, பார்படோஸுக்கு சி.ஓ. 28, பிரிட்டிஷ் கயானாவுக்கு சி.ஓ. 111.

இவற்றில் தேடும்போது இன்றைய நாகரிகமான சொற்கள் உதவாது. அந்தக் காலத்து எழுத்தர் எழுதிய சொல்லைத்தான் அடிக்க வேண்டும்: ‘கலர்ட்’, ‘நீக்ரோ’, ‘நேட்டிவ்’. கடைசிச் சொல்லுக்குப் பின்னால் பணம் இருக்கிறது. 1918-இன் முதலாம் ராணுவ ஆணைப்படி பிரிட்டிஷ் சிப்பாயின் நாள் சம்பளம் 1 ஷில்லிங்கிலிருந்து 1 ஷில்லிங் 6 பென்ஸாக உயர்ந்தது. கரீபிய வீரர்கள் ‘நேட்டிவ்’ வகை, ஆகவே அவர்களுக்குக் கிடையாது என்றது போர் அலுவலகம். டாரன்டோவில் கப்பலில் சுமை ஏற்றவும் பிறர் கழிப்பறைகளைக் கழுவவும் விடப்பட்டிருந்தவர்களுக்கு இது போதும்போதும் என்றாகிவிட்டது. 1918 டிசம்பர் 6 அன்று 9-ஆம் பட்டாலியன் கலகத்தில் இறங்கியது. ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுமார் 60 பேர் விசாரிக்கப்பட்டார்கள். அதே மாதம் சார்ஜென்ட்டுகள் கூடி கரீபியன் லீக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உங்கள் ஆள் அந்தக் குளிர்காலத்தில் டாரன்டோவில் இருந்திருந்தால் சி.ஓ. 318-ஐயும் டபிள்யூ.ஓ. 213-ஐயும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஒன்றில் குற்றம் இருக்கும், மற்றதில் காரணம் இருக்கும்.

இதோடு ஊர்ப் பத்திரிகைகள். ஜமைக்காவின் கிளீனர், போர்ட் ஆஃப் ஸ்பெயின் கெசட் போன்றவை அணிகள் கப்பலேறிய செய்தியையும் வீரர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களையும் வெளியிட்டன. பெயரின் எழுத்துக்கூட்டு மாறும்; எல்லா வடிவத்திலும் தேடுங்கள்.

அதிகாரி என்றால்

அதிகாரிகளின் கோப்புகள் டபிள்யூ.ஓ. 339, டபிள்யூ.ஓ. 374. படிவத்தில் இனக் கட்டம் கிடையாது என்று மேலே சொன்னோமே, அதற்கு இங்கே ஒரு விலக்கு உண்டு. அதிகாரிப் பதவிக்கான விண்ணப்பத்தில் ‘கலப்பற்ற ஐரோப்பிய வம்சாவளியா?’ என்று ஒரு கேள்வி இருந்தது. ஜமைக்காவில் பிறந்த ஜார்ஜ் பெமண்ட் ‘ஆம்’ என்று பதில் எழுதி 1915 மே மாதம் பீரங்கிப் படையில் அதிகாரியானார். அதே தீவைச் சேர்ந்த டேவிட் கிளெமெட்சன் ‘இல்லை’ என்று உள்ளதை எழுதி, அதே ஆண்டு அக்டோபரில் அதிகாரியானார். இருவரும் போரிலேயே இறந்தார்கள். ஆக, படிவம் சொல்வது எழுதியவரின் பதில் மட்டுமே. மக்கள்தொகைக் கணக்கு, பள்ளிப் புகைப்படம், பிறப்புப் பதிவு என்று வேறொன்றால் உரசிப் பார்க்காமல் ஏற்காதீர்கள்.

இதே காரணத்தால் ‘பிரிட்டிஷ் ராணுவத்தின் முதல் கறுப்பின அதிகாரி’ என்று யாரையும் எழுதும்முன் நிதானியுங்கள். பல இடங்களில் அந்தப் பட்டம் வால்டர் டல்லுக்குத் தரப்பட்டிருக்கும். ஃபோக்ஸ்டோனில் பிறந்தவர், தந்தை பார்படோஸ்காரர், டாட்டன்ஹாம் அணிக்குக் கால்பந்து ஆடியவர். அவர் அதிகாரியானது 1917 மே 30. மேலே சொன்ன இருவரும் அதற்கு முந்தியவர்கள். 1918 மார்ச் 25 அன்று டல் கொல்லப்பட்டார், உடல் கிடைக்கவில்லை. பிரான்சின் அராஸ் நினைவுச் சுவரில் பெயர் இருக்கிறது. கல்லறையைத் தேடி அலைய வேண்டாம்.

கடற்படை, வான்படை

கடற்படை மாலுமிகளுக்கு ஏ.டி.எம். (ADM) 188 தொகுதி. இதில் ஒரு வசதி, பட்டியலிலேயே பிறந்த ஊர் இருப்பதால் பெயரே தெரியாமல் ‘பார்படோஸ்’ என்று மட்டும் அடித்தும் தேடலாம். வணிகக் கப்பல் மாலுமிகளுக்கு 1918–21 காலத்து சி.ஆர். 10 அட்டைகள் சவுத்தாம்ப்டனில் உள்ளன. அவற்றில் பலவற்றில் ஆளின் புகைப்படமே ஒட்டியிருக்கும். இத்தனை சுற்றி வளைத்த பிறகு முகத்தை நேரே பார்ப்பது பெரிய நிம்மதி.

இரண்டாம் உலகப் போரில் கதை வேறு. கறுப்பினத்தவர் படையில் சேர இருந்த நிறத்தடை 1939 அக்டோபரில் தளர்த்தப்பட்டது. கரீபியத்திலிருந்து சுமார் 5,500 பேர் வான்படையின் தரைப் பணியாளர்களாகவும், சில நூறு பேர் விமானப் பணியாளர்களாகவும் வந்தார்கள். தனிநபர் பதிவுகள் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து கியூவுக்கு 2022 முதல் மாற்றப்பட்டு வருகின்றன. பிறந்து 115 ஆண்டு ஆகாதவர் என்றால் இறப்புச் சான்று கேட்பார்கள். அது கையில் இல்லாதபோது ஏ.ஐ.ஆர். (AIR) 27, அதாவது ஸ்குவாட்ரன் (வான்படைப் பிரிவு) செயற்பாட்டுப் பதிவேடு, கைகொடுக்கும். அதில் படிவம் 540 பொதுச் சுருக்கம், படிவம் 541 ஒவ்வொரு பறப்பிலும் யார் யார் போனார்கள் என்ற பட்டியல். தரைப்படை நாட்குறிப்பு போலன்றி இங்கே சார்ஜென்ட்டின் பெயரும் இருக்கும்.

இங்கும் ஒரு கண்ணி. ‘139 (ஜமைக்கா) ஸ்குவாட்ரன்’ என்பதைப் பார்த்து ஜமைக்காக்காரர்களின் படை என்று எழுதிவிடாதீர்கள். குண்டுவீச்சு விமானங்கள் வாங்க அந்தத் தீவு மக்கள் திரட்டிக் கொடுத்த பணத்துக்கு நன்றியாக வைத்த பெயர் அது. அதில் பறந்து புகழ்பெற்ற விமான வழிகாட்டி (நேவிகேட்டர்) அல்ரிக் கிராஸ் டிரினிடாட்காரர்.

ஆப்பிரிக்கர்கள்

இவர்களின் தனிநபர் பதிவுகளைக் கியூவில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அநேகமாகக் கிடைக்காது. நைரோபி, மொம்பாசா, தார் எஸ் சலாம் நகரங்களில் முதல் உலகப் போருக்கான ஆப்பிரிக்க நினைவுச் சின்னங்கள் நிற்கின்றன; ஒன்றிலும் பெயர் இல்லை. பெயர் போடத் தேவையில்லை என்று அன்று முடிவெடுத்தார்கள். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரின்றி அல்லது நினைவே இன்றி விடப்பட்டார்கள் என்று கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. இவர்கள் விஷயத்தில் தனி ஆளைத் தேடாமல் அணியைத் தேடுங்கள்: அணியின் நாட்குறிப்பு, மாவட்ட அதிகாரியின் அறிக்கை, அந்தந்த நாட்டின் தேசியக் காப்பகம்.

இரண்டாம் உலகப் போரில் நிலைமை கொஞ்சம் தேவலை. அதில் நம் பக்கத்துக் கடலும் வருகிறது. கிழக்காப்பிரிக்கப் படையினர் இலங்கையில் தங்கிப் பயிற்சி பெற்றே பர்மாவுக்குப் போனார்கள். மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடீவ் இஸ்மாயில் என்ற துருப்புக் கப்பலை 1944 பிப்ரவரி 12 அன்று மாலத்தீவு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. இறந்தவர்கள் 1,297 பேர். பெரும்பாலோர் 301-ஆம் கிழக்காப்பிரிக்கப் பீரங்கி ரெஜிமென்டினர். இவர்களைத் தேடும்போது கல்லறை ஆணையத் தளத்தில் இறந்த தேதியையே சாவியாகக் கொடுங்கள். ஆப்பிரிக்கப் பெயர்களை ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால் பெயரைக் கொடுத்துத் தேடினால் பாதிப் பேர் தப்பிவிடுவார்கள்.

கியூவுக்கு நேரில் போகிறீர்கள் என்றால்

மூல ஆவணம் பார்க்க வாசகர் சீட்டு வேண்டும். பெயருக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று என இரண்டு அடையாளச் சான்றுகள் எடுத்துப்போங்கள். பேனா உள்ளே விடமாட்டார்கள், பென்சில்தான். ஃபிளாஷ் இல்லாமல் கைப்பேசியில் படம் எடுக்கலாம். ஒவ்வொரு கோப்பையும் எடுக்கத் தொடங்கும்போது முதலில் அட்டையில் உள்ள குறியீட்டைப் படமெடுத்துவிட்டுப் பிறகு பக்கங்களை எடுங்கள். வீட்டுக்கு வந்தபின் முந்நூறு படங்களில் எது சி.ஓ. 137, எது சி.ஓ. 318 என்று தெரியாமல் விழிப்பவர்கள் மறுபடியும் ரயிலேற வேண்டியிருக்கும்.